நுரைவள்ளிக்கு என் முகம்

கடலூர் முதுநகர்
13.2.2025

அன்புள்ள சவரிமேரி அக்காவுக்கு,

தம்பி அருள் பிரகாஷ் எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான் இறங்கவில்லை. உன் முட்டுவலி தேவலையா?

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் போட்டால் நீ ஸ்பீக்கரில் வைத்துவிட்டுச் சமைப்பாய். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருப்பார். அவர் காதில் என் குரல் விழ வேண்டாம். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை செய்கிற லேப் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீயும் எழுதியே அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது என் நிச்சயதார்த்தம். மண்டப வாசலில் உன் வீட்டுக்காரர் வைத்தது பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். சொந்தக் கடை, சொந்த மெஷின், கேட்பானேன்? கல்யாணம் காட்சி என்றால் கேலி பேனர் வைப்பது நம்ம பக்கத்து வழக்கம்தான். சிங்கம் என்று போடட்டும், சிறுத்தை என்று போடட்டும், பொறுத்துக்கொள்வேன். இவர் போட்டது கவுன் போட்ட ஒரு பொம்மைப் பெண். அதன் கழுத்துக்கு மேலே மீசையோடு என் முகம். கீழே ‘எங்கள் முதுநகர்த் தோழிக்கு நிச்சயதார்த்த வாழ்த்துகள்’.

ஷாலினியின் அப்பா லூர்துசாமி அந்த பேனர் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு பந்தியில் பாதிப் பிரியாணியோடு எழுந்து கையைக் கழுவினார். திங்கட்கிழமை சிப்காட்டில் ஷிப்டுக்குப் போனால் கேட்டிலேயே, “வாம்மா தோழி, ஸ்பேனர் தூக்க முடியுமா?” என்கிறான்கள். பத்து வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன், ஒருத்தன் இதுவரை என்னை அப்படிக் கேட்டதில்லை.

உன்னிடம் ஒரே கேள்வி. சாயந்திரம் ஐந்தரைக்கு வந்த ‘முத்துநகர் தோழிகள்’ கார்ட்டூனை, ஒன்பது வயதில் நான் ‘முதுநகர் தோழிகள்’ என்று படித்து, நம்ம ஊர்க் கதை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மாமாவுக்கு யார் சொன்னது?

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
அருள்


சிதம்பரம்
21.2.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதங்களுடன். நாங்கள் மூவரும் சுகம். முட்டுவலி இருந்தபடி இருக்கிறது. அம்மாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

பேனரை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மச்சானைக் கேலி செய்யாமல் வேறு யாரைக் கேலி செய்வார்? உன் மாமாவும் இப்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை. தவக்காலம் முடிந்து கல்யாணம் வருவதற்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பட்டுப்புடவை எடுக்க எப்போது வரவேண்டும் என்று எழுது. லேபில் கூட்டம், இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா,
சவரிமேரி


கடலூர் முதுநகர்
24.2.2025

அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. நான் கேட்டது ஒன்று, நீ சொல்வது புடவை.

எனக்கு ஒன்று புரியவில்லை. கிரிக்கெட்டில் தோற்றால் டி.வி.யை உடைக்கிறவன் ஆம்பிளை. நூறு பேரை வெட்டுகிற படத்தை நாலு தடவை பார்ப்பவன் ஆம்பிளை. ஆறு பெண் பிள்ளைகள் கடலுக்கடியில் ஒரு ஊரைக் கட்டிக் காப்பாற்றுகிற கதையை ஒன்பது வயதில் பார்த்தவன் மட்டும் என்னவாம்? அந்த டி.வி. பெட்டியில் ‘பெண் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று பஸ் சீட்டில் எழுதுகிற மாதிரி எழுதியிருந்ததா?

அதில் எனக்கு என்ன பிடித்தது தெரியுமா? ரிப்பன் இல்லை, கவுன் இல்லை. அந்த ஆறு பேரில் யார் தப்பு செய்தாலும், ‘நான்தான் செய்தேன், தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்வாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். நம் வீட்டில் அப்பா இருந்தவரைக்கும் அவர் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ஊரில் எவன் வாயிலும் கேட்டதில்லை. அதைப் பார்க்கத்தான் ஐந்தரைக்கு ஓடி வருவேன்.

நானும் யோக்கியன் இல்லை. ஒருநாள் அப்பா சீக்கிரம் வந்து, “ஆம்பளப் புள்ள பாக்குற படமாடா இது?” என்று பெல்ட்டில் கை வைத்தார். நான், “அக்காதாம்பா போட்டுச்சு” என்றேன். அடி உனக்கு விழுந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

கேட்டதற்குப் பதில் எழுது.

அருள்


சிதம்பரம்
10.3.2025

அன்புத் தம்பி அருளுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன். பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

லூர்துசாமி மாமா சேத்தியாத்தோப்பிலிருந்து போன் பண்ணியிருந்தார். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ட்ராக்டர் பட்டறைக்கு வர்றவனெல்லாம், மாப்ள பொம்பளப் பொம்ம பாப்பாராமேன்னு கேக்குறான். எனக்குத் தல நிமிர முடியல. பேனர் வச்சவரு வந்து, அது சும்மா தமாசு, அவரு அப்பிடி ஒண்ணும் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்பறம்தான் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்வேன்” என்றார்.

இதில் என்ன கஷ்டம் இருக்கிறது? உன் மாமா போய்ச் சொல்லத் தயார். நீயும், அக்கா பார்த்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னதுதானே? எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. ஷாலினி நல்ல பெண், விட்டுவிடாதே.

பேனரில் இருந்த படத்தைப் பற்றியும் மனசைக் குழப்பிக்கொள்ளாதே. கூகுளில் ஏதோ ஒரு பொம்மையை எடுத்து ஒட்டியிருப்பார்.

அக்கா


கடலூர் முதுநகர்
14.3.2025

அக்காவுக்கு,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதினால் தபால்காரர் கைசுடும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்கிறார்கள். தடை என்றால் ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பவன், ரத்த சொந்தம், இப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். கார்ட்டூன் பார்த்தவன் என்று எந்தச் சட்டத்தில் போட்டிருக்கிறது? லூர்துசாமி மாமா காட்டட்டும், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். ஒருதரம் சொல்லி நீ அடி வாங்கியது போதும்.

அடுத்து, கூகுள். அக்கா, பத்து வருஷமாக நான் தேடியிருக்கிறேன். ‘முத்துநகர் தோழிகள்’ ஒரு வருஷம் ஓடி நின்றுபோனது. ஒரு வீடியோ கிடையாது, ஒரு போட்டோ கிடையாது. நேற்று அந்த பேனரை விரித்து உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், கழற்றி எடுத்து வந்திருந்தேன், எரிக்கத்தான். அதில் இருப்பது அந்த ஆறு பேரில் ஒருத்தி இல்லை. நுரைவள்ளி. உனக்கு இந்தப் பெயரே தெரியாது. கடைசி வாரத்தில் மட்டும் வந்த ஏழாவது பெண். எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு தானாகத் திரும்பி வருவாள். அந்த வாரம் உனக்கு டியூஷன், நான் மட்டும் பார்த்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கையில் இருக்கும் முத்தின் ஓரம் உடைந்திருக்கும். பேனரிலும் உடைந்திருக்கிறது. கையால் வரைந்த படம் அது. கடைசி வாரம்வரை உட்கார்ந்து பார்த்தவன் கைக்குத்தான் அது வரும்.

மாமா ப்ளஸ் ஒன் படித்த காலம் அது. அவருக்கு நுரைவள்ளியை எப்படித் தெரியும்?

அருள்


சிதம்பரம்
9.4.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகத்துக்கு எழுது. உடனே பதில் போட முடியவில்லை. லேபில் ஒரு பெண் நின்றுவிட்டாள், இரண்டு ஆள் வேலை எனக்கு. வெயில் இப்போதே இப்படி இருக்கிறது. அம்மாவுக்கு நுங்கு வாங்கிக் கொடு. மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

நீ கேட்டதை மறுபடி கேட்காதே. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்கா


கடலூர் முதுநகர்
11.4.2025

அக்காவுக்கு,

ஊறுகாய் வேண்டாம்.

இருபத்தாறு நாள் கழித்து நீ எழுதியதில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இவரும் பார்த்திருக்கிறார்! மீசையை முறுக்கிக்கொண்டு, வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டு, இவரும் பார்த்திருக்கிறார். நான் ஒன்பது வயசுப் பையன். இவர் பதினேழு வயசுத் தடியன்.

எனக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடலூரில் கடைக்கா பஞ்சம்? பன்னிரண்டடி, அவர் கடைக்கு எதிரிலேயே, அவர் முகத்தை வைத்து. என் கல்யாணம் நின்றால் அடுத்த நாள் காலையில் சிதம்பரம் முழுக்கப் பார்க்கும். அவரிடம் சொல்லிவை.

அம்மா உன்னைக் கேட்டாள்.

அருள்


சிதம்பரம்
16.4.2025

அருள்,

நீ நல்லபடி இருக்கவேண்டும். இன்றைக்கு லேபுக்கு லீவு போட்டுவிட்டு, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி வந்து இதை எழுதுகிறேன்.

கல்யாணமான முதல் வருஷம் கடையில் இங்க் டப்பாக்களுக்குப் பின்னால் மூன்று நோட்டு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பெண்கள்தான். உன் மாமா வரையக் கற்றுக்கொண்டதே அவர்களை வரைந்துதான். அதிலிருந்துதான் இந்தக் கடை, இந்தச் சோறு. அவர் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அவருடைய அப்பா அந்த நோட்டைப் பார்த்துவிட்டாராம். உன் மாமாவுக்கு அவருடைய அக்காவின் தாவணியைச் சுற்றிவிட்டு, தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்திருக்கிறார். கூடப் படித்தவர்களெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்களாம். நோட்டைக் காட்டிக் கேட்டபோது இதையெல்லாம் அவரே சொன்னார். நீங்க மட்டும் இல்லை, என் தம்பியும் பார்ப்பான், முதுநகர் என்று படித்து நம்ம ஊர் என்று நினைத்தான் என்று சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன், சத்தியமாக.

உன் நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால் அவர் கடையில் அந்த நோட்டிலிருந்து ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வண்ணம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வப்போது அப்படிச் செய்வார். அவருடைய சிநேகிதர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். “யார்ரா இது, பொம்பளப் பொம்ம?” என்று கேட்டதும் இவருக்கு வாய் குழறி, “மச்சானுக்கு பேனர்டா. அவன்தான் பைத்தியமா பாப்பான்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அவர்களே வசனம் சொன்னார்கள், அவர்களே மரச்சட்டம் அடித்தார்கள்.

உன்னைப் பற்றி அவரிடம் சொன்னது நான். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. அவரை ஊர் பார்க்க நிறுத்திவிடாதே அருள். இன்னொருதரம் தாங்கமாட்டார்.

அக்கா


கடலூர் முதுநகர்
22.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் திருவிழா வாழ்த்து. பாப்பா புதுத்துணி போட்டுக்கொண்டாளா?

உன் கடிதத்தைப் படித்து, மாமாவைப் பெற்ற, செத்துப்போன அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்த எப்படி மனசு வந்தது? அது முடிந்ததும் மாமாமேல் ஆத்திரம் வந்தது. தன்னை நிறுத்தியது எவ்வளவு வலி என்று தெரிந்த ஆள், என்னைப் பத்தடி உயரத்துக்கு நிறுத்தினாரே! நானும் ஒரு நாள் உன்னைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்தவன்தான். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. அவருக்கு முப்பத்தேழு.

பேனர் வைக்கமாட்டேன். யாரிடமும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். காட்டிக்கொடுக்கிற வேலை நம் குடும்பத்தில் இத்தோடு போதும்.

நேற்று நான் மட்டும் சேத்தியாத்தோப்புக்குப் போனேன். லூர்துசாமி மாமா காபி கொடுத்துவிட்டு, “ஊருல நாலு பேரு பேசுறாங்க மாப்ள” என்றார்.

“பேசட்டும் மாமா. நான் பாத்தேன். எனக்குப் பிடிச்சிருந்துது. தெனமும் ஓடியாந்து பாத்தேன். இப்ப வந்தாலும் பாப்பேன்” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். உள்ளேயிருந்து ஷாலினி வந்தாள். “நான் டி.வி.ல குஸ்தி பாத்தேனேப்பா, அஞ்சு வருசம். நீதான எதிர உக்காந்து, எம் பொண்ணு ஆம்பளப் புள்ள மாதிரின்னு எல்லார்ட்டயும் சொன்ன? எனக்கு எவன் பேனரு வச்சான்?” என்றாள். அக்கா, அவளை நான் கட்டாமல் போனால் என் வாழ்க்கையே வீண்.

அவள் அப்பா அவள் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “நீங்க பாத்தேங்கறீங்க. எனக்கு அது வாணாம். பேனரு வச்சவரு வந்து, பாக்கலன்னு சொல்லணும். ஞாயித்துக்கெழம மொத ஓலை. சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வரலன்னா, ஃபாதர்கிட்டப் போயி நிறுத்திடுவேன்.”

உண்மை என் வாயில் வந்தால் செல்லாதாம், பொய் மாமா வாயில் வந்தால் செல்லுமாம். இது என்ன நியாயம் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மாமா போய் அந்தப் பொய்யைச் சொல்லக்கூடாது. எனக்காக என்று சொல்லிக்கொண்டு சொல்லவே கூடாது. கல்யாணம் நின்றால் நிற்கட்டும். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. அவர் படிக்கட்டும்.

உன் தம்பி,
அருள்


சிதம்பரம்
26.4.2025

சேத்தியாத்தோப்பு லூர்துசாமி ஐயா அவர்களுக்கு,

அருள் பிரகாஷின் அக்கா புருஷன் மரிய ஜோசப் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் பேனர் அடித்துப் பிழைக்கிறவன். நாலு வரிக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் வந்து ‘அவன் அப்படி ஒன்றும் பார்க்கவில்லை’ என்று சொன்னால் ஓலை வாசிக்கலாம் என்றீர்கள். சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். எனக்கு அதுதான் சுலபம். வியாழக்கிழமை மச்சான் எழுதிய கடிதத்தை என் வீட்டுக்காரி என் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து கடை திறக்கவில்லை.

ஐயா, அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் பார்த்ததோடு சரி. நான் நோட்டு நோட்டாக வரைந்தேன், இன்றைக்கும் வரைகிறேன். பேனரில் இருந்தது நான் வரைந்த படம். சிநேகிதர்களிடம் மாட்டிக்கொண்டேன். என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் முகத்தை அதில் ஒட்டினேன். நான்தான் செய்தேன். தப்பு. அவனிடமும் சொல்லப் போகிறேன், முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

ஆம்பிளைத்தனத்தில் சந்தேகம் என்றால் அவனை விட்டுவிட்டு என்னைக் கேளுங்கள். பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். சவரிமேரியிடம் விசாரியுங்கள், என் பெண்ணிடம் விசாரியுங்கள். ஆனால் அவன் உங்கள் எதிரில் உட்கார்ந்து, கல்யாணம் போனாலும் போகட்டும் என்று, ‘பார்த்தேன்’ என்று சொல்லிவிட்டான். எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது, அதுவும் காகிதத்தில்தான் வருகிறது. இப்படி ஒரு பிள்ளை உங்களுக்கு மருமகனாக வேண்டாம் என்றால் வேறு எப்படிப்பட்டவனைத் தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். வயசில் பெரியவர், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தபாலில் போட்டால் இன்று சாயங்காலத்துக்குள் உங்கள் கைக்கு வராது. அதனால் நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுக்கிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். தெருவில் போகிறவர்கள் யாராவது ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், அவர்களுக்கும் சொல்வேன்.

இப்படிக்கு,
மரிய ஜோசப்